லோகாவுக்கு ஒரு மடக்குக் கத்தி

ஆவடி
11.7.1988, இரவு

பேபி சித்திக்கு,

முதலில் எனக்கு ஒரு சத்தியம் செய்துகொடுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடமும் காட்டக் கூடாது. உங்களோடு அறையில் இருக்கும் அக்காவிடம்கூட. படித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மாவுக்கு எழுதும்போது கை தவறிக்கூட இதைப் பற்றி எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தை அப்பாதான் சாப்பிட்டு முடித்ததும் எல்லோருக்கும் சத்தமாகப் படிப்பார்.

நான் நலம். மழை தொடங்கினால் உங்களுக்கு வரும் இருமல் இந்த வருஷமும் வந்துவிட்டதா?

போன மாதக் கடிதத்தில், உங்கள் கடைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மடக்குக் கத்தி வந்திருக்கிறது, சேட் அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார், விலை உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். "ஒரு கத்திக்கு இம்மாம் வெலையா? அத்த வாங்கறவன் இன்னா, யானையா வெட்டப் போறான்?" என்றார். அம்மா, "விக்கிறவ சொல்றா, நீ ஏன் நோவற?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது அந்த விலைக்குத் தகுமா சித்தி? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் அறிவியல் படங்கள் நிறைய வரைய வேண்டும், பென்சில் கூராக இருக்க வேண்டும். அதற்காகத்தான். மடக்கினால் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் அடங்குமா? ஒரு கையில் பை இருந்தால் மற்றக் கையால் திறக்க முடியுமா? வெளிச்சம் இல்லாத இடத்தில் தடவியே திறக்கலாமா?

பதிலை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எழுத வேண்டாம். இந்த உறையின் பின்னால் உள்ள விலாசத்துக்கு எழுதுங்கள். என்னோடு படிக்கும் ஷரீஃபுன்னிசாவின் அத்தா அம்பத்தூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். உறைமேல் அவள் பெயர் மட்டும் போதும். போன வருஷம் இங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடி வந்தபோது, பத்தாவது முடியட்டும் என்று என்னைப் பள்ளி மாற்றவில்லை. தினமும் ரயிலில் அம்பத்தூர் போய் வருகிறேன்.

எல்லோரும் தூங்குகிறார்கள். சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் லோகா

*

பம்பாய்
23.7.1988

அன்பு லோகாவுக்கு,

சித்தி சுகம். இருமல் ஜூன் பதினைந்தாம் தேதியே வந்து பாயை விரித்துவிட்டது. நீ சாப்பிடுகிறாயா? அக்கா ஓவர்டைம் என்று ஓடிக்கொண்டே இருப்பாளே, அவளும் சாப்பிடுகிறாளா?

பென்சில் சீவ ஜெர்மன் கத்தி கேட்கும் ஒரு பெண் ஆவடியில் இருக்கிறாள் என்று சேட்டிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சத்தியம் வாங்கியிருக்கிறாயே, விழுங்கிவிட்டேன்.

விலைக்குத் தகுமா என்று தினம் நான்கு பேர் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். பிளாட்பாரத்தில் ஐந்து ரூபாய்க்கு வாங்கும் கத்தி முதல் மாதம் நன்றாகத்தான் வெட்டும். அப்புறம் ஆணி தளரும். அலகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஒரு நாள் நீ வெட்டிக்கொண்டிருக்கும்போதே தானாக மடங்கி உன் விரலையே பிடித்துவிடும். கண்ணாடி அலமாரியில் இருப்பது அப்படியில்லை. மான்கொம்புப் பிடி. முதுகில் இரும்பு வில். அலகின் மேலே நகம் வைக்க ஒரு சின்னப் பள்ளம். நகத்தைக் கொடுத்துத் தூக்கினால் 'டக்'கென்று போய் நிற்கும், அசையாது. மடக்கினாலும் 'டக்'கென்று உட்காரும். அந்த இறுக்கத்துக்குத்தான் விலை. உன் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

ஆனால் பென்சில் சீவ நாலணா பிளேடு போதும் கண்ணு. வெளிச்சம் இல்லாத இடத்தில் யார் பென்சில் சீவுவார்கள்?

சித்தி வரலட்சுமி

*

ஆவடி
8.8.1988, இரவு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை ஷரீஃபு கணக்கு நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். "இன்னாடி, உங்க சித்தி இவ்ளோ பெருசா எழுதறாங்க? எங்க காலா ரம்ஜானுக்கே ரெண்டு வரிதான் எழுதும்" என்றாள். சித்தியை அவர்கள் காலா என்பார்கள். அவளுக்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

இங்கே மின்சாரம் அடிக்கடி போகிறது. அதனால்தான் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டேன்.

பத்தாவது மாணவிகளுக்கு ஐந்தரை மணி வரை சிறப்பு வகுப்பு. ஆவடியில் இறங்கி, தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய வழியில் பதினைந்து நிமிடம் நடந்தால் எங்கள் பிளாக். அந்த வழியில் விளக்கு இல்லை. அப்பாவுக்கு இந்த மாதம் இரண்டாம் ஷிஃப்ட். அம்மா ராணுவ உடுப்புத் தைக்கும் வேலை முடிந்து வர ஏழாகிவிடும்.

உங்களுக்கு எதிர் பிளாக் நாகம்மாவைத் தெரியாது. என் வயதுதான், நன்றாகப் படிப்பாள். ஜூனில் யாரோ ஒருவன் அவள் பைக்குள் ஒரு சீட்டைப் போட்டுவிட்டான். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, நேராக அவள் அப்பாவிடம் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது. அவளுடைய பள்ளித் தாவணி இப்போது அவர்கள் வீட்டு ஜன்னலில் திரையாகத் தொங்குகிறது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். எங்கள் அப்பா, "அதான் சரி. பொண்ண வெச்சிருக்கவன் வேற இன்னா பண்ணுவான்?" என்றார்.

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் ஏன் ஒன்பதாவதோடு நின்றுவிட்டீர்கள்? உங்களுக்குப் படிப்பில் விருப்பமில்லை என்று அம்மா சொல்வாள். ஆனால் உங்கள் கையெழுத்து எங்கள் தமிழ் டீச்சருடையதைவிட அழகாக இருக்கிறது.

கத்தியின் விலையை நீங்கள் எழுதவே இல்லை.

லோகா

*

பம்பாய்
17.8.1988

லோகா,

சாப்பாடு, உடம்பு எல்லாம் அப்புறம்.

யார் அவன்? எத்தனை நாளாக? உன்னைத் தொட்டானா? உடனே எழுது. எதையும் விட்டுவிடாமல் எழுது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நீ கேட்ட மற்றக் கேள்விக்குப் பதில் எழுத இந்த இன்லண்டில் இடமில்லை.

சித்தி

*

ஆவடி
29.8.1988, இரவு

அன்புள்ள சித்திக்கு,

இன்லண்டில் முக்கால் பாகம் காலியாக இருந்தது. பரவாயில்லை, நான் கேட்டிருக்கக் கூடாது.

நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நான் பென்சிலைப் பற்றித்தானே எழுதினேன்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து. தொடவில்லை. சைக்கிளில் வருவான். நான் மெதுவாக நடந்தால் மெதுவாக மிதிப்பான், வேகமாக நடந்தால் வேகமாக. பெல்லை மட்டும் அடிப்பான். முதல் மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூலையில் என் பெயரைச் சொன்னான். நோட்டு அட்டையில் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து எல்லா நோட்டுகளிலும் பெயர் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டேன். "நோட்டு யாருதுன்னு எனக்கு ஜோசியம் தெரியுமா?" என்று கணக்கு டீச்சர் திட்டினார்.

வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கு எழுதிவிட்டேன். எதிர் ஜன்னலில் தொங்குகிறது. சித்தி, எனக்குப் பத்தாவது எழுத வேண்டும். அதற்கு அப்புறம் பதினொன்றும் பன்னிரண்டும். இப்போது மார்ச் வரைக்குமாவது போய்விட வேண்டும். அவனைக் குத்த வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. கையில் அது இருந்தால், அந்தப் பதினைந்து நிமிடமும் ஓடாமல் நடக்கலாம் என்று தோன்றுகிறது. ஓடினால் அவன் சிரிக்கிறான்.

பிளாட்பாரக் கத்தி வேண்டாம். அது ஆடும் என்று எழுதியிருந்தீர்களே. எனக்கே கை ஆடுகிறது.

அப்பா இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

லோகா

*

பம்பாய்
2.10.1988

என் கண்ணு லோகாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று பயந்திருப்பாய். தினமும் எழுத உட்கார்ந்தேன். 'அம்மாவிடம் சொல்' என்று நான்கு தடவை எழுதி, நான்கு தாளையும் கிழித்துவிட்டேன். அக்கா நல்லவள். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். இதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

உங்கள் பிளாக் முனியன் அண்ணன் தொழிற்சாலை வேலையாக இங்கே வந்திருக்கிறார். அவரிடம் ஒரு அல்வா டப்பா கொடுத்து அனுப்புகிறேன். எல்லோருக்கும் பம்பாய் அல்வா. டப்பாவை நீ கையில் வாங்கு. அடித்தட்டில் எண்ணெய்த்தாளில் சுற்றியது உனக்கு.

கண்ணாடி அலமாரியில் இருந்ததுதான். விலைக்குத் தகுமா என்று கேட்டாய். தகும். நான் தினமும் துடைத்து வைத்த பொருள், எனக்குத் தெரியும். விலை எவ்வளவு என்று மட்டும் கேட்காதே. கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்து ஒரே தூக்கு. வில் இறுக்கமாகத்தான் இருக்கும். பகலில் பத்துத் தடவை பழகிக்கொள். அலகுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போடு.

அதைத் திறக்க வேண்டிய நாள் உனக்கு வரவே கூடாது. முடிந்தவரை ஸ்டேஷனில் யாராவது பெண்கள் வருகிறார்களா என்று பார்த்து, அவர்கள் பின்னால் நட. வாரம் ஒரு வரியாவது எழுது. இல்லையென்றால் எனக்குக் கடையில் கை ஓடாது.

சித்தி

*

ஆவடி
21.10.1988, இரவு

அன்புள்ள சித்திக்கு,

டப்பா வந்தது. எல்லோரும் அல்வா சாப்பிட்டோம். அப்பா இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "பேபிக்கு நம்ம மேல பாசம் கீது" என்றார்.

இவ்வளவு அழகான பொருளை நான் கையில் தொட்டதே இல்லை. சின்னதாக இருந்தாலும் கனமாக இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அப்பா தன் ஸ்பேனர்களையும் அம்மா கத்தரிக்கோலையும் வைத்தார்கள். நான் புத்தகங்களையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் வைத்தேன். அம்மா பாக்ஸின் மேல் குங்குமம் வைத்தாள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல். சாமிக்குத் தெரிந்திருக்கும்.

நன்றாகத் திறக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இந்த வாரம் அவன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். இன்னும் கிட்டே வந்தான். ஆனால் நான் ஓடவில்லை.

லோகா

*

(தபால் அட்டை)
பம்பாய்
16.11.1988

ஷரீஃபுன்னிசாவுக்கு,

ஆசிகள். தீபாவளி முடிந்து ஒரு வாரமாகிறது. உன் தோழி நலமா? பாடங்களை ஒழுங்காக எழுதுகிறாளா? நான்கு வாரமாகச் செய்தி இல்லை. ஒரே ஒரு வரி போடச் சொல்.

வ.

*

ஆவடி
28.11.1988

பேபிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நீ உடம்பைக் கவனித்துக்கொள்.

அந்தக் கத்தி நீ அனுப்பியதுதான். லோகா வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் கேட்டேன், கல் மாதிரி நின்றாள். அல்வா டப்பாவின் அடியில் ஒரு விரல் நீளத்துக்குப் பள்ளம் இருந்ததை நான் அன்றே பார்த்தேன். எலி என்று நினைத்து அந்தப் பக்கத்தை வெட்டிப் போட்டேன். இப்போதுதான் புரிகிறது அது என்ன எலி என்று. அப்புறம் அந்த ஷரீஃபுவின் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, சொல்லும் வரை எழுந்திருக்கவில்லை. உன் அட்டையைக் காட்டினாள்.

போன திங்கட்கிழமை எங்களுக்கு ஓவர்டைம் இல்லை. மழை. எட்டுப் பேர் நான்கு குடையில் சுவர் ஓரமாக வந்தோம். தூரத்தில் ஒருவன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்று, கையில் எதையோ வைத்துக்கொண்டு விரலால் நோண்டிக்கொண்டே இருந்தாள். ஐயோ பாவம், யார் பெற்ற பெண்ணோ என்று நினைத்தபடிதான் வந்தேன். கிட்டே வந்தால் நம் பெண்.

அவளுக்கு அதைத் திறக்க முடியவில்லை, பேபி. ஒரு தடவைகூட அவளால் அதை நகத்தால் திறக்க முடிந்ததில்லையாம். வீட்டில் ஊக்கை விட்டு நெம்பித் திறந்து பார்ப்பாளாம். திங்கட்கிழமை தோறும் பள்ளியில் பிரேயரில் நகம் பார்க்கிறார்கள், வளர்ந்திருந்தால் ஸ்கேலால் அடி. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளுக்கு ஒட்ட வெட்டிவிடுகிறேன். நகமில்லாத பிள்ளைக்கு நகம் வைத்துத் திறக்கும் கத்தியை அனுப்பியிருக்கிறாய். என்ன விலை கொடுத்தாய்? அந்த விலைக்கு அது என்ன செய்தது, சொல்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "சொன்னா நிறுத்திடுவீங்கம்மா" என்றாள். உன்னை நான் கேட்கவில்லை. நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு இன்னும் தெரியாது. பதில் எழுதினால் அந்த நோட்டுக் கடைக்கே எழுது. குவார்ட்டர்ஸுக்கு வேண்டாம்.

ஞானம்மாள்

*

பம்பாய்
9.12.1988

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். நீயும் அவளும் நலமாக இருக்க வேண்டும்.

விலை கேட்டாய். எண்ணூற்று நாற்பது. சேட் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார், ஏப்ரலில் முடியும். அது போகட்டும்.

எட்டு வருஷமாகக் கத்தி விற்கிறேன் அக்கா. வாங்க வருகிறவரின் கையைப் பார்க்காமல் ஒன்றுகூட விற்றதில்லை. விரல் தடித்தவருக்கு ஒன்று, வயதானவருக்கு வில் தளர்ந்த ஒன்று. நகம் கடிக்கிறவர் வந்தால் இதைக் காட்டவே மாட்டேன். நம் லோகாவின் கையை நான் பார்த்து ஆறு வருஷமாகிறது. எழுதும்போதெல்லாம் என் கண்ணில் நின்றது என் கைதான். பதினான்கு வயதில் எனக்கு இருந்த கை.

பழையதை நான் இழுக்கவில்லை. அன்று என்னைப் பின்தொடர்ந்தவனைப் பற்றி உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ அப்பாவிடம் சொன்னாய். என் நல்லதுக்குத்தான் சொன்னாய். முப்பத்தைந்து வயதில் அது எனக்குப் புரிகிறது, அன்று புரியவில்லை. நான் ஏன் நின்றேன் என்று லோகா கேட்டாள். பதில் எழுதவில்லை. உன்மேல் அவளுக்குக் கோபம் வரக் கூடாது.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அவளை நிறுத்திவிடாதே.

பேபி

*

ஆவடி
9.1.1989, இரவு

அன்புள்ள சித்திக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். நன்றாகத் திறக்கிறது என்று பொய் எழுதிவிட்டு, உங்களுக்கு எந்த முகத்தோடு எழுதுவது? அவ்வளவு ஆசையாக அனுப்பினீர்கள். திறக்க வரவில்லை என்று எழுத மனம் வரவில்லை. இப்போது உங்களுக்கு உடம்பு தேவலையா? காய்ச்சல் என்று அம்மா சொன்னாள்.

அன்று நடந்ததை அம்மா உங்களுக்கு எழுதியிருப்பாள். முழுவதும் எழுதியிருக்க மாட்டாள். அவளுக்குத் தன்னைப் பற்றி எழுதத் தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன்.

அவன் சைக்கிளைக் குறுக்கே போட்டு, "இன்னா லோகா, பேசமாட்டியா?" என்றான். நான் பாக்ஸைத் திறந்து கத்தியை எடுத்தேன். விரல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. அவன் குனிந்து பார்த்து, "இன்னாது அது, மவுத் ஆர்கனா? ஊதிக் காட்டேன்" என்றான். அந்த நேரத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் குடைகள் வந்தன. அம்மா என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து அதை வாங்கினாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று வீட்டில் கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வாள் இல்லையா, அன்று கைக்குக் கை வாங்கினாள். துணியின் மடிப்பை அழுத்தித் தேய்க்கத் தையல்காரர்கள் ஒரு கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்திருப்பார்கள். அம்மா அந்த நகத்தைப் பள்ளத்தில் வைத்தாள். 'டக்'. மழைச் சத்தத்திலும் அது கேட்டது சித்தி. நீங்கள் எழுதியது போலவே போய் நின்றது. அசையவில்லை. அம்மாவின் கையும் அசையவில்லை.

அவன் முகத்தில் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "அக்கா, சும்மா டைம் கேட்டேங்க்கா" என்றான்.

அம்மாவோடு தைக்கும் ஃபக்ருன்னிசா அக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "டைமா? வா, உங்க அம்மாவாண்ட போய் கேப்போம். அவங்க ஊட்ல கடியாரம் கீதா பாப்போம்" என்றார். எட்டுப் பேரும் அவனை நடுவில் விட்டு, அவன் வீடு வரைக்கும் நடத்திக்கொண்டே போனார்கள். பட்டாபிராம் போகும் வழியில் ஒரு சின்ன வீடு. அவன் அம்மா கதவைத் திறந்ததும் நான்கு குடையையும் எட்டுப் பேரையும் பார்த்துவிட்டு யாரோ செத்துவிட்டார்கள் என்று அழ ஆரம்பித்துவிட்டார். அப்புறம் விஷயம் தெரிந்து துடைப்பத்தை எடுத்தார். அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கம் வரவில்லை. எட்டுப் பேரில் யாராவது இரண்டு பேர் தினமும் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் பக்கம் எனக்காக நிற்கிறார்கள். முறை வைத்து ஓவர்டைமை விட்டுவிட்டு வருகிறார்கள். அரைப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றொன்று.

இதை எல்லாம் எழுதி நாளைக்குத் தபாலில் போடலாம் என்று நேற்றே நினைத்திருந்தேன். ஆனால் இன்று எல்லாம் மாறிவிட்டது.

முனியன் மாமா கேன்டீனில் அப்பாவிடம், "இன்னா வேலுசாமி, ஒன் ஊட்டம்மா ரோட்ல கத்தி எடுத்தாங்களாமே, ஆவடியே பேசிக்கினு கீது" என்று சிரித்திருக்கிறார். அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை, அடிக்கவில்லை. "நாளைக்கு நான் லீவு போட்டுட்டு வரேன். டீசி வாங்கிடலாம்" என்று மட்டும் சொன்னார். சோறு வேண்டாம் என்று அறைக்குள் போய்விட்டார்.

நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி பதினொன்றுக்கு மேல். அவர்கள் இருவரும் அந்த அறையில் பேசுவது கேட்கிறது. கேட்கக் கேட்க எழுதுகிறேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன்.

அப்பா சொல்கிறார், "நாளிக்கி ஏதாச்சும் ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? நீயா?"

அம்மா கேட்கிறாள், "பேபி ஏன் படிக்கலன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அதுக்குப் படிப்பு ஏறலன்ன."

"பொய் சொன்னேன். கிளாஸ்ல அவதான் ஃபர்ஸ்ட்டு. ஒருத்தன் பின்னாலயே வரான்க்கான்னு எங்கிட்ட வந்து அழுதா. நான் போயி எங்கப்பாவாண்ட சொன்னேன். மறுநாளே புஸ்தகத்த எல்லாம் எடைக்குப் போட்டாரு. பதினாறு வயசுல பம்பாய்ல கட்டிக் குடுத்து, அவன் செத்து, அவ இப்ப யாரு ஊட்டுக் கண்ணாடியவோ தொடச்சிக்கினு கீறா. இருபத்தோரு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்தப் பாவம் எனக்கு ஒண்ணு போதும். எம் பொண்ண நிறுத்த வுடமாட்டேன்."

சித்தி, எனக்குத் தெரியாது. எனக்கு இது எதுவுமே தெரியாது. இன்லண்டில் இடமில்லை என்று எழுதினீர்களே.

அப்பா கேட்கிறார், "இப்ப நான் இன்னா பண்ணணும்ன்ற?"

"தெரில. நிறுத்தாத. மிச்சத்த யோசி."

கட்டில் கிரீச்சிடுகிறது. விளக்கு அணையவில்லை. அப்பா நடக்கும் சத்தம் கேட்கிறது. அந்தப் பக்கம் போகிறார். இந்தப் பக்கம் வருகிறார். மறுபடியும் அந்தப் பக்கம். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன். அவர் முடிவு என்ன என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பது? உங்கள் கத்தி அந்த விலைக்குத் தகுமா தகாதா என்று அம்மாவைக் கேட்டேன். "தெரியலடி, அத்த வாங்கனவள இங்க கூட்டிக்கினு வா, சொல்றேன்" என்றாள். நீங்கள் வர வேண்டும் சித்தி. பரீட்சை முடிந்ததும், ஏப்ரலில், கடையில்

நடை நின்றுவிட்டது. கதவுக்கு வெளியில்தான் நிற்கிறார். தட்டுகிறார். மெதுவாகத் தட்டுகிறார். "லோகா, முழிச்சிக்கினுதான கீற? காத்தால உன் ரயிலு எத்தினி மணிக்கு? ஸ்டேஷன் வரிக்கும் நானும் நடந்து வரேன்" என்று கேட்கிறார். சித்தி, நான்